மஞ்சள் துணி கட்டிய கத்தி

பட்டறை ஆட்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. மரியாதையினால் என்று நினைக்க வேண்டாம். எப்படி எடுப்பது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. ஒரு கத்தி, பக்கத்தில் தனியாக அதன் பிடி. கீழே ஒரு வரி: "சவரி அண்ணாத்த, கத்திப் பிடி கழண்டுகிச்சு, இன்னா கம் போடலாம்?"

ஒரு வரிக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் கத்திப் பிடி என்ற பேச்சு வந்தாலே என் வீட்டில் ஸ்டெல்லா சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். அந்தச் சிரிப்பு ஏன் என்று தெரியாமல் பசையின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் கடைக்குப் போய் எதையாவது வாங்கி ஒட்டி, விரலை வெட்டிக்கொள்ளலாம்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு சிலைப் பட்டறையில் நான் வேலை பார்த்தேன். செதுக்குகிற ஆள் இல்லை, எனக்கு உளி பிடிக்க வராது. நான் ஒட்டுகிற ஆள். யானைக்குத் தந்தம் போச்சா, கூப்பிடு சவரியை. புத்தருக்குக் காது போச்சா, கூப்பிடு சவரியை. கல் உடைந்துவிட்டது என்று எங்கள் பட்டறையில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், அபசகுனம். "சவரி வேல ஒண்ணு கீது" என்பார்கள். முதலாளிக்கே அப்படித்தான் சொல்வார்கள். அவர் முகம் அப்போதே வெளுத்துவிடும்.

வேலை கற்ற கதை சின்னது. அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். என்னைச் சேற்றில் இறக்க மனசில்லாமல் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். முதலில் தண்ணீர் தூக்கினேன், அப்புறம் கல்தூள் சலித்தேன். பசையோடு அதே கல்லின் தூளைக் கலந்தால்தான் ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. தூள் சலித்துச் சலித்துப் பசையும் கலக்க ஆரம்பித்தேன். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம்தான் என் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், திங்கட்கிழமை பிள்ளையாருக்குத் தும்பிக்கை ஒட்டுவேன். இதுவரை இரண்டு பக்கத்திலிருந்தும் புகார் வந்ததில்லை.

எனக்கு மேலே இருந்தவர் மேஸ்திரி கஜேந்திரன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, காதில் ஒரு பென்சில். அந்தத் தூசியிலும் அவர் சட்டை எப்படி வெள்ளையாகவே இருந்தது என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். நான் ஒட்டிய மூக்கின் முன்னால் வந்து நிற்பார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டாலும் அதைப் பிடிப்பார், குழந்தைக்குச் சளி துடைப்பது போல. பிடித்து மெதுவாக ஆட்டுவார். ஆடினால் "ம்" என்பார். ஆடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடுவார். அந்த ஒன்றும் சொல்லாமல் போவதுதான் பாராட்டு. வருஷக்கணக்கில் வேலை செய்து நான் வாங்கிய பாராட்டெல்லாம் அவருடைய முதுகுதான்.

இதில் ஒரு பேஜார் உண்டு. பசைக்கு ஆகாதவை என்று எல்லாரும் சொல்வது தூசி, எண்ணெய், ஈரம். இவற்றையெல்லாம் துடைத்துவிடலாம். துடைக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதன் பெயர் "புடிச்சிகிச்சா?"

நம் ஆட்களிடம் இப்போதுதான் ஒட்டியிருக்கிறேன், தொடாதே என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டே தொடுவார்கள். பெயின்ட் காயவில்லை என்று எழுதி வைத்தால் விரலை வைத்துப் பார்த்து, "ஆமா, காயல" என்று நம்மிடமே வந்து சொல்கிற ஜனம் இது. நான் ஒட்டி வைத்த சிலையைத் தாண்டிப் போகிற ஒவ்வொருத்தனும், பாலிஷ் போடுகிற பெண்களும், லாரி டிரைவரும், "புடிச்சிகிச்சா?" என்று கேட்டபடி ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். பாதி இறுகிய பசையை ஆட்டினால் அதோடு அது செத்தது. வெளியே பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும், உள்ளே உறவு விட்டுப் போயிருக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் நான் ஒரு சிவப்பு அடையாளம் வைத்திருந்தேன். ஒட்டின இடத்தின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒரு சின்னப் பொட்டு, பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். மறுநாள் இரண்டு பாதியும் நேராக இருந்தால் எவனும் ஆட்டவில்லை. விலகியிருந்தால் எவனோ ஆட்டியிருக்கிறான். பெரும்பாலும் விலகித்தான் இருக்கும்.

இப்போது கத்திக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா என் மனைவி. பட்டறையிலேயே நாற்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்தவள் அவள்தான். நெம்மேலிக்காரி. அவள் அப்பா படகு வேலை செய்தவர். மகளுக்கு இடதுகைப் பழக்கம் என்பதால், கல்யாணச் சீரோடு ஒரு பட்டையான கறிக்கத்தியும் வாங்கி, அதன் பிடியை அவள் இடது கைக்கென்றே இழைத்துக் கொடுத்தார். அவள் பிடித்தால் விரல்கள் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்காரும். நாம் பிடித்தால் அடுத்தவர் செருப்பைப் போட்டது போல இருக்கும். வஞ்சிரமோ ஆட்டுத் தொடையோ, அந்தக் கத்தியில்தான் வெட்டுவாள். வேறு கத்தி கொடுத்தால் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவாள், சாப்பாடு சாயங்காலம்தான் வரும்.

அந்தக் கத்தியின் பிடி ஒரு நாள் ஆட ஆரம்பித்தது.

"யோவ், இத கொஞ்சம் ஒட்டிக் குடுய்யா" என்று என்னிடம் நீட்டினாள். நான் சிரித்தேன். ஐயனாருக்கு வீச்சரிவாளையே ஒட்டியவன் நான். கையில் இருந்த சட்டென்று பிடிக்கிற பசையை நாலு சொட்டு விட்டு, பிடியைச் சொருகி, அங்கேயே கொடுத்தேன். அது பிடித்தது, என் கட்டைவிரலையும் சேர்த்து. அதை உரித்து எடுத்துவிட்டுப் பார்த்தால், பிடியை முன்பின்னாக மாற்றிச் சொருகியிருக்கிறேன். இடதுகைப் பிடி வலதுகைப் பிடியாகிவிட்டது. ஸ்டெல்லா பூசணிக்காயை எடுத்து ஒரே போடாகப் போட்டாள். கத்தி பூசணிக்காயோடு நின்றுவிட்டது. பிடி மட்டும் அவள் கையில் வந்தது.

"சாமிக்கு மட்டுந்தான் ஒழுங்கா ஒட்டுவியா? பொண்டாட்டின்னா இளக்காரமா?" என்றாள். அன்று சாப்பாடு ரொம்ப நேரம் கழித்து வந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் சிலைக்குப் போடுகிற கல் பசையை எடுத்தேன். கருங்கல் தூள் கலந்து, பிடியை இந்தத் தடவை சரியாகத் திருப்பி, நன்றாக அடைத்தேன். ஆனால் அது ஆறுவதற்குள் ஊரே வந்து ஆட்டிவிட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் யோசிக்காமல் விட்டது வேறு. சிலை ஒரு தடவை ஒட்டினால் அப்புறம் சும்மா நிற்கிறது. கத்தி சும்மா நிற்பதில்லை, ஒவ்வொரு வெட்டுக்கும் அடி வாங்குகிறது. கல் பசை அடி தாங்காது, நொறுங்கும். ஆட்டெலும்பில் விழுந்த மூணாவது வெட்டில் அது பொடிப் பொடியாகக் குழம்புச் சட்டியில் கொட்டியது. அன்றைக்கு நாற்பது பேரும் கருங்கல் குழம்பு சாப்பிட்டோம். ஒவ்வொரு வாய்க்கும் நறநறவென்று சத்தம். கஜேந்திரன் மேஸ்திரி ஒரு கவளம் மென்று பார்த்து "ம்" என்றார்.

முதலாளி அன்றுதான் வாய் திறந்தார். அவருடைய மச்சான் கேளம்பாக்கத்தில் பெட்டிச் சாப்பாடு கடை வைத்திருந்தார். ஐடி ஆட்களுக்கு அட்டைப் பெட்டியில் அடைத்து அனுப்புகிற வியாபாரம். எங்கள் பட்டறையையும் பிடித்துக்கொள்ள ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கெழம பெரிய நந்தி ஏத்தறோம். வாங்கற பார்ட்டி வருது, அவங்களும் இங்கதான் சாப்புடுவாங்க. அன்னிக்கும் லேட்டாச்சுன்னா திங்கக்கெழமலேர்ந்து பெட்டிதான். என்ன தப்பா நெனச்சுக்காத ஸ்டெல்லா" என்றார் முதலாளி.

ஸ்டெல்லா தலையாட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அழ மாட்டாள் என்று நினைத்தேன், அழுதுகொண்டிருந்தாள். அந்த அடுப்படி அவளுடையது. அதை வைத்துத்தான் எங்கள் பெண்ணைப் படிக்க வைத்தோம். ஊரில் இருக்கிற சாமிகளுக்கெல்லாம் மூக்கு ஒட்டி என்ன புண்ணியம், என் பெண்டாட்டி கத்திக்குப் பிடி நிற்கவில்லையே என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

பட்டறை ஆட்களுக்கும் கிலி பிடித்துவிட்டது. அந்தப் பெட்டிச் சாப்பாட்டை ஒரு தடவை சாம்பிளுக்குச் சாப்பிட்டிருக்கிறார்கள். அதில் சாம்பார் எது, ரசம் எது என்று கண்டுபிடிக்க மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே திருக்கழுக்குன்றம் போனேன். அங்கே கரீம் பாய் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். பசை கேட்டால் டாக்டர் மாதிரி விசாரிக்காமல் கொடுக்க மாட்டார்.

"எதுக்கு சவரி?"

"கத்திக்கு பாய்."

"சாமி கையில கீற கத்தியா, வூட்டுக் கத்தியா?"

"வூட்டுக் கத்தி."

"யாரு வூட்டு?"

"என் வூட்டு பாய்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நல்ல பசையா குடுக்கணும்" என்று உள்ளே போய் ரெண்டு டியூப் பசையைக் கொண்டுவந்தார். அதிலும் சீக்கிரம் பிடிக்கிற சாதி ஒன்று, மெதுவாகப் பிடிக்கிற சாதி ஒன்று உண்டு. அவர் கொடுத்தது மெதுவானது. "இது அடி தாங்கும், தண்ணி தாங்கும். ஆனா ரொம்ப சூடு காட்டாத, பால் தண்ணி எதுவும் காயற வரைக்கும் படக்கூடாது. ஒரு நா முழுக்க எவனும் ஆட்டக்கூடாது. அவ்ளதான்" என்றார்.

"அவ்ளதானா பாய்? எவனும் ஆட்டக்கூடாதுன்னா எங்க பட்டறையில அது நடக்கற காரியமா?"

"அதுக்கு மருந்து எங்கிட்ட இல்ல" என்றார்.

வியாழக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தேன். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். பிடியைக் கழற்றி, அதன் ஓட்டைக்குள் இருந்த பழைய பசையையும் கல்தூளையும் ஆணியால் சுரண்டி எடுத்தேன். பிடிக்குள் போகும் கத்தியின் வால் துருவும் எண்ணெயுமாக இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, உப்புத்தாளால் சொரசொரப்பாகும் வரை தேய்த்து, தின்னரால் துடைத்தேன். வழவழப்பாக இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. ரெண்டு டியூபிலிருந்தும் சமமாகப் பிதுக்கி, நிறம் ஒன்றாகும்வரை கலக்கினேன். ஓட்டையின் அடியிலிருந்து ஆரம்பித்து, ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி நிரப்பினேன், உள்ளே காற்று நிற்கக்கூடாது. வாலை மெதுவாக இறக்கி, வழிந்ததை ஒரு துணியால் துடைத்தேன். எந்தப் பக்கம் இடதுகை என்பதை ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்ன பிறகே இறக்கினேன். கத்தி இல்லாததால் அன்று சமையல் இல்லை, மறுநாளைக்குச் சாமான் வாங்க அவள் கிளம்பிவிட்டாள்.

அப்புறம் நான் செய்த ஒவ்வொன்றுக்கும் தொழில் காரணம் இருக்கிறது. தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் நம்பவில்லை.

பசை கீழே இறங்கி நிற்க வேண்டும், அதனால் ஒரு மண் தொட்டியில் மணலை நிரப்பி, பிடி கீழே, அலகு மேலே வருமாறு கத்தியை நட்டேன். நல்ல வெதுவெதுப்பு வேண்டும், ஆனால் நேர் வெயில் ஆகாது, அதனால் கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் வைத்தேன். அலகு யாரையும் வெட்டிவிடக் கூடாது, அதனால் எண்ணெய் படாத சுத்தமான துணியைத் தேடினேன். பட்டறையில் சுத்தமான துணி ஒன்றே ஒன்றுதான் உண்டு. கண் திறக்கும்வரை சிலையின் கண்ணைக் கட்டி வைக்கிற மஞ்சள் துணி. அதைச் சுற்றினேன். கடைசியாக, அலகும் பிடியும் சேருகிற இடத்தில் என் வழக்கப்படி சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்தேன். பாதி இரும்பில், பாதி மரத்தில்.

டீ குடித்துவிட்டு வந்து, எவன் முதலில் ஆட்டுவான் என்று கையில் கட்டையோடு உட்கார்ந்தேன்.

முதலில் வந்தவள் பாலிஷ் போடுகிற பெண்களில் ஒருத்தி. நான் "ஏய், தொடாத" என்று கத்த வாயெடுப்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றினாள். குனிந்து கும்பிட்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து, அவள் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். வேப்பமரம், மஞ்சள் துணி, சிவப்புப் பொட்டு. அடக் கடவுளே.

சரி, சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அதற்குள் கஜேந்திரன் மேஸ்திரி வந்துவிட்டார். வழக்கம் போல அவருடைய இரண்டு விரல்கள் முன்னால் நீண்டன. அந்த விரல்கள் பாதி வழியில் நின்றன. கை திரும்பியது, இரண்டு கையும் சேர்ந்தது. மேஸ்திரி கும்பிட்டார்!

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஆட்டாமல் விட்ட ஒரே ஒட்டு அதுதான். நான் கட்டையைக் கீழே வைத்துவிட்டேன். வாயையும் மூடிக்கொண்டேன். கும்பிடுகிறவர்களைத் தடுக்க நான் யார்?

சந்தோஷம் நாஸ்தா நேரம்வரைதான் நின்றது. ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நுனியில் குத்தினாள். அது நல்லதுதான், நுனிக்குப் பாதுகாப்பு. இன்னொருத்தி வளையல் மாட்டினாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் திருக்கழுக்குன்றம் மலைக்குப் போகிற ஒரு வேன், தண்ணீர் பிடிக்க எங்கள் கேட்டில் நின்றது. அதிலிருந்து பெண்கள் இறங்கினார்கள், ஒரு அம்மா கையில் பால் சொம்பு.

"இது இன்னா அம்மன்பா?" என்று மேஸ்திரியைக் கேட்டார்கள்.

மேஸ்திரிக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "பழைய அம்மன்" என்றார்.

பால் சொம்பு சாய்ந்தது. நான் பாய்ந்து நடுவில் விழுந்தேன். "பால் ஊத்தாதம்மா! ஆவாது!"

"ஏம்பா ஆவாது?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "குளிர்ச்சி ஆவாதும்மா இந்த அம்மனுக்கு. நாளிக்கு காலம்பற வரைக்கும் வெரதம்."

"அப்ப சூடம்?"

"சூடமும் கிட்ட ஆவாது. தள்ளிப் போயி ஏத்துங்க. இன்னும் தள்ளி. அந்த லாரிக்கு அந்தாண்ட."

"ஏன்?"

"கோவக்காரிம்மா!"

அவ்வளவுதான், அந்த வேனுக்கே அம்மனை ரொம்பப் பிடித்துவிட்டது. குளிர்ச்சியும் ஆகாத, சூடும் ஆகாத, நெருங்கவும் விடாத அம்மனை அவர்கள் பார்த்ததே இல்லை. மலை இறங்கி நாளைக்குத் திரும்புகிற வழியில் கட்டாயம் வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் எனக்குப் பூசாரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கழுத்தில் ஜெபமாலை தெரியாமல் இருக்கச் சட்டைப் பட்டனை மேல்வரை போட்டுக்கொண்டேன். இரவும் அங்கேயே பாய் விரித்துப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் கறியோடு ஸ்டெல்லா வந்து இறங்கினாள். வேப்பமரத்தடியில் கூட்டம். திரும்பி வந்த வேன் நின்றது. பட்டறை ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"உன் கத்திதான்" என்றேன் மெதுவாக.

"அது தெரியுது. வளையலு யாரு போட்டது?"

நான் பதில் சொல்வதற்குள் மேஸ்திரி குறுக்கே வந்தார். "ஸ்டெல்லா, கொஞ்சம் நில்லு. இது இப்ப வெறுங் கத்தி கெடையாது. இத எடுத்துகினு போயி ஆட்டுக்கறி வெட்டுவியா நீ?" அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன். வேன்காரப் பெண்களும் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பால் சொம்பு அம்மா கத்திக்கு முன்னால் குறுக்கே கையை விரித்து நின்றுவிட்டாள்.

கறி அப்படியே கூடையில் கிடந்தது. நந்தி ஏற்ற லாரி வந்துவிட்டது. முதலாளி மச்சான், சாம்பிள் பெட்டிகளோடு, இப்போதே வாசலில் வந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நான்தான் செய்தேன், பெயின்டு, மணல் தொட்டி, பால் வேண்டாம் சூடம் வேண்டாம் என்றது, எல்லாம் பசைக்காக என்று உளறினேன். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அம்மனே என் கையால் அப்படிச் செய்ய வைத்தாள் என்று பால் சொம்பு அம்மா எனக்கே விளக்கம் சொன்னாள்.

ஸ்டெல்லா கூடையை இடுப்பிலிருந்து இறக்கினாள். புடவையை இழுத்துச் சொருகினாள்.

"மேஸ்திரி, நான் ஒண்ணு கேக்கறேன். உங்க ஊரு அம்மன் கோயில் திருவிழாவுல இன்னா வெட்டுவீங்க?"

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்தார்.

"சொல்லுங்க. சுரைக்காயா வெட்டுவீங்க?"

"கெடா" என்றார் மேஸ்திரி சின்னக் குரலில்.

"கெடா வெட்டி?"

"ஆக்கிப் போடுவோம்."

"எனுக்கு ஜெபந்தான் தெரியும், உங்க முறையெல்லாம் தெரியாது. ஆனா நேத்து புடிச்சி இந்த அம்மாவ பட்டினி போட்டு, பாலும் இல்லாம, சூடமும் இல்லாம நிக்க வெச்சிருக்கான் இந்த ஆளு. வெள்ளிக்கெழம அதுவுமா கறி தேடி வந்து நிக்குது. நீங்க இன்னாடான்னா வெட்டாதன்றீங்களே?"

பால் சொம்பு அம்மா விரித்த கையை மடக்கினாள். "ஆமால்ல!" என்றாள். "கறிக்குத்தான் இம்மாங் கோவமா!" என்று வேன்கார அம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூட்டம் வழி விட்டது.

நான் குனிந்து சிவப்புப் பொட்டைப் பார்த்தேன். பாதி இரும்பில், பாதி மரத்தில், ஒரு மயிரிழை கூட விலகவில்லை. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பொட்டை நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்தி என்று நினைத்து இரண்டு பேர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

கத்தியை அடுப்படிக்குக் கொண்டுபோகக் கூட்டம் விடவில்லை. கறி வெட்டுகிற கட்டையை அங்கேயே கொண்டுவந்து போட்டார்கள். ஸ்டெல்லா மஞ்சள் துணியை அவிழ்த்தாள், எலுமிச்சம்பழத்தை எடுத்தாள், வளையலை உருவித் தன் கையில் போட்டுக்கொண்டாள். இடது கையால் பிடித்தாள். விரல்கள் போய் உட்கார்ந்தன. ஆட்டுத் தொடையைக் கட்டையில் வைத்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மாதாவை வேண்டிக்கொண்டேன், பக்கத்தில் மேஸ்திரி வேறு யாரையோ வேண்டிக்கொண்டார். கத்தி இறங்கியது. எலும்பு இரண்டாகப் பிளந்து, அலகு கட்டையில் பதிந்து நின்றது. பிடியும் அதோடு அப்படியே நின்றது.

பெண்கள் குலவை போட்டார்கள். அதற்கப்புறம் அவள் வெட்டியது எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண் மறைத்துவிட்டது.

பிரியாணி நேரத்துக்கு இறங்கியது. வேன் ஆட்களும் பிரசாதம் என்று வரிசையில் உட்கார்ந்துவிட்டதால் உருளைக்கிழங்கு ஒரு கூடை கூடுதலாக வெட்டிப் போட்டாள். நந்தி வாங்க வந்த பார்ட்டி, மரத்தடியில் குலவையும் கூட்டமும் சாப்பாடுமாக இருந்ததைப் பார்த்து, தங்கள் நந்திக்குத்தான் இவ்வளவு மரியாதை என்று பூரித்துப் போனார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை. முதலாளி மச்சான் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். முதலாளி கை கழுவிக்கொண்டே ஸ்டெல்லாவிடம், "கேளம்பாக்கம் பேச்சே இனிமே கெடையாதும்மா. உன் அடுப்பு உன்னுதுதான்" என்றார். ஸ்டெல்லா மச்சானுக்கு இன்னொரு கரண்டி வைத்தாள்.

எல்லாரும் போன பிறகு கத்தியைக் கழுவித் துடைத்து அடுப்படி மேடையில் வைத்திருந்தாள். நான் வாசலில் பாத்திரம் தேய்க்க உதவிக்கொண்டிருந்தேன். கஜேந்திரன் மேஸ்திரி உள்ளே போனார். சுற்றும் முற்றும் பார்த்தார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். முதலில் கத்தியைக் கும்பிட்டார். அப்புறம் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டாலும் பிடியைப் பிடித்தார். ஆட்டினார். இன்னும் கொஞ்சம் அழுத்தி ஆட்டினார்.

ஒன்றும் சொல்லாமல் என்னைத் தாண்டி நடந்து போனார்.

வேப்பமரத்தடியை அதற்கப்புறம் காலியாக விட முடியவில்லை, வேன்கள் நிற்க ஆரம்பித்துவிட்டன. மூக்கு உடைந்ததால் விற்காமல் கிடந்த ஒரு சின்ன அம்மன் சிலையை மேஸ்திரி அங்கே கொண்டுபோய் வைத்தார். மூக்கை நான் ஒட்டினேன். மஞ்சள் துணி கட்டிய பிறகு ஒட்டினேன். இன்றுவரை அந்த மூக்கை எவனும் ஆட்டிப் பார்த்ததில்லை, மேஸ்திரி உட்பட.

ஆகவே தம்பிகளா, பசை: ரெண்டு டியூப், மெதுவாகப் பிடிக்கிற சாதி. பழசைச் சுரண்டு, துடை, சொரசொரப்பாக்கு, சமமாகக் கலக்கு, நிமிர்த்தி வை. ஒரு நாள் முழுக்கத் தொடாதே. தொடாமல் இருக்க உங்களால் முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் மஞ்சள் துணி ஒரு முழம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா இன்றும் அந்தக் கத்தியில்தான் வெட்டுகிறாள். துணியின் மகிமையையும் மறக்கவில்லை. எனக்குச் சர்க்கரை வந்த பிறகு அலமாரியில் இருக்கும் அதிரசத் தூக்குக்கு மஞ்சள் துணி கட்டி, சிவப்பாக ஒரு பொட்டும் வைத்திருக்கிறாள். அதைக் கட்டியது யார் என்று எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது என்ன என்றும் தெரியும். இந்த விஷயத்தை ஆரம்பித்து வைத்ததே நான்தான். இருந்தாலும் தினமும் அலமாரி வரைக்கும் போகிறேன், நிற்கிறேன், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன்.